‘ஒரே ஒரு பாட்டில்தான் டாக்டர்!’

போன மாதம் திண்டிவனத்திலிருந்து ஓர் அம்மா, தன் 11 வயதுப் பையனை விழுப்புரத்தில் இருக்கும் என் கிளினிக்குக் கூட்டி வந்தார். பையனுக்குச் சோற்றைக் கண்டாலே பிடிக்கவில்லையாம். ஆனால், எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

“கலர் குடிப்பானா?”

“தினமும் ஒரே ஒரு பாட்டில்தான் டாக்டர்!”

“எந்த பாட்டில்?” என்றேன். பையன் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான். 750 மில்லி!

இதுதாங்க சிக்கல். நம் சின்ன வயதில் கலர் என்றால், பெட்டிக்கடை வாசலில் நின்று குடித்துவிட்டு, கண்ணாடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கதை அதோடு முடிந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் கலர் பஸ் ஏறியது, வீட்டு ஃபிரிட்ஜிலும் குடியேறிவிட்டது. பாட்டில் பெரிதாகிவிட்டது, நம் வாயில் மட்டும் இன்னமும் அதே ‘ஒரு பாட்டில்’தான்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. அப்படியானால் அந்தப் பையன் குடித்தது 75 கிராம். அதாவது 15 டீஸ்பூன்! ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘விருந்தாளி வர்றாங்க’ என்று வாங்கும் 2 லிட்டர் பாட்டிலை நான்கு பேர் பங்கு போட்டாலும் ஆளுக்கு 50 கிராம்.

விலையும் நம்மை இழுக்கிறது. 2003-ல் கோகோ கோலா 200 மில்லியை 5 ரூபாய்க்கு விற்றது. 20 வருஷம் கழித்து, 2023-ல் வந்த கேம்பா அதே 200 மில்லியை 10 ரூபாய்க்குக் கொடுத்தது. இன்றைக்கு டீயே 12, 15 ரூபாய்! பெரிய பாட்டில் வாங்கினால் டம்ளர் கணக்கில் இன்னும் மலிவு. மலிவு என்று வாங்குவோம். வாங்கிவிட்டோமே என்று குடித்துத் தீர்ப்போம்.

சூரணம் கொடுத்தால்கூட வேளைக்கு எத்தனை சிட்டிகை என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். அதுபோல, ‘இந்த முழு பாட்டிலில் இத்தனை ஸ்பூன் சர்க்கரை’ என்று முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தப் பானங்களுக்கு 40 சதவிகித ஜி.எஸ்.டி. வரவேற்கலாம். ஆனால், அது விலைக்கு ஏற்ற வரி. சர்க்கரைக்கு ஏற்ற வரி அல்ல. இங்கிலாந்தில் 2018 முதல் சர்க்கரை அளவைப் பார்த்து வரி போடுகிறார்கள். கம்பெனிகள் பலவும் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன.

சட்டம் வரும்போது வரட்டும். தாய்மார்களே, பெரிய பாட்டிலை வீட்டுக்குள் விடாதீர்கள். குழந்தை அடம்பிடித்தால், எப்போதாவது ஒரு சின்ன பாட்டில், அதையும் பங்கு போட்டு. தாகத்துக்குப் பானைத் தண்ணீர், நீர்மோர் இருக்கிறது. வெயில் காலத்தில் திண்டிவனம் ரோட்டோரம் நுங்கும் தர்பூசணியும் குவிந்து கிடக்கிறதே!

அந்தப் பையனுக்கு முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை, எல்லைக்கோட்டில் நிற்கிறது. இன்னும் தாண்டவில்லை. அந்த 750-ஐ நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மருந்தெல்லாம் அப்புறம்தான்.