கட்டி முடியாத வீடும் கைக்குழந்தையும்



மதரஸாவில் பாடம் முடிந்து எழும் வேளையில் அடிக்கடி முன்வைக்கப்படும் ஐயம் ஒன்று உண்டு. "ஹஜ்ரத், வீட்டு வேலை இன்னும் முடியவில்லை. பிள்ளைக்கு ஏழாம் நாளே அகீகா கொடுத்தாக வேண்டுமா? வேலை முடிந்தபின் கொடுக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கும் சபராளியாக இருப்பார். மனைவியின் பேறுகாலத்தையும் வீட்டின் மராமத்தையும் அந்த ஒரே விடுப்புக்குள் அடக்கியாக வேண்டும் என்பது அவருடைய நிலை. இன்ன தேதிக்குள் டைல்ஸ், இன்ன தேதிக்குள் பெயின்ட், அதன்பின் ஊரை அழைத்து விருந்து என்று நாள்களை எண்ணி வைத்திருப்பார்.

மார்க்கச் சட்டத்தைப் பொறுத்தவரை விடை எளிது. ஷாஃபிஈ மத்ஹபில் அகீகா வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. ஏழாம் நாள் சிறந்தது. எனினும் பிள்ளை பருவமடையும் வரை தந்தைக்கு அவகாசம் உண்டு. ஹனஃபி மத்ஹபிலும் அது கட்டாயக் கடமையன்று. பலர் அறியாத செய்தி வேறொன்று. அகீகா இறைச்சியைச் சமைத்து ஏழைகளின் இல்லங்களுக்கு அனுப்பிவைப்பது, அவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்தளிப்பதைவிட மேலானது என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஆக, அகீகாவுக்குப் புதுக் கூடமும் தேவையில்லை, பளபளக்கும் தரையும் தேவையில்லை. வீட்டு வேலைக்குக் கெடு விதிப்பது சுன்னத்தன்று. வரப்போகும் விருந்தாளிகளின் கண்கள்தாம்.

அந்தக் கெடுவின் பாரம் யார்மீது விழுகிறது என்பதே என் கேள்வி. பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகாத பெண் உள்ளறையில் படுத்திருக்கிறாள். கூடத்தில் டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் அலறுகிறது. கதவின் அடியில் ஈரத்துணி செருகியும் தூசி உள்ளே வருகிறது. அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை வீறிட்டு எழுகிறது. குளியலறைக்குப் போக வேண்டுமானால் வேலையாட்களைக் கடந்துதான் போக வேண்டும். பர்தாவைப் பேணும் பெண் அவர்கள் தேநீருக்கு வெளியே செல்லும் வரை காத்திருக்கிறாள். அவளுடைய உம்மாவோ ஒரே அடுப்பில் பிள்ளைக்கு வெந்நீர், மகளுக்குப் பேறுகால மருந்து, வேலையாட்கள் ஆறு பேருக்குத் தேநீர் என்று மாறி மாறி வைத்துக்கொண்டிருக்கிறார். நாற்பது நாள் ஓய்வு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தானா?

நபி (ஸல்) அவர்களைப் பற்றி அபூ கதாதா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நீட்டித் தொழும் எண்ணத்துடன் தொழுகையில் நிற்கும் நபியவர்கள், குழந்தையின் அழுகுரல் செவியில் விழுந்தால் தாய்க்குச் சிரமம் நேரக் கூடாது என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். ஜமாஅத்துத் தொழுகையையே சுருக்க வைத்தது ஓர் அழுகை. டைல்ஸ் அறுக்கும் இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்த அதே அழுகை போதாதா?

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பாலூட்டுதல் பற்றிய அவ்வசனம் மணவிலக்குச் சட்டங்களின் நடுவே இடம்பெறுகிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய்க்கோ தந்தைக்கோ துன்பம் இழைக்கப்படலாகாது என்கிறது; பால்குடியை மறக்கடிப்பதைக்கூட இருவரும் மனமொத்துக் கலந்தாலோசித்தே முடிவு செய்யச் சொல்கிறது. பிரிவின் விளிம்பில் நிற்போருக்கே கலந்தாலோசனை என்றால், ஒரே கூரையின் கீழ் கூடி வாழ்வோருக்கு? இருந்தும், எந்த மாதத்தில் சுவரை இடிப்பது என்பது மாமனாரும் மேஸ்திரியும் திண்ணையில் பேசி முடிக்கும் விஷயமாகவே இருக்கிறது. அகீகா பற்றி என்னிடம் கேட்ட எவரும், இதைக் குறித்து மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுப்பு திரும்பக் கிடைக்காது. சிமென்ட் விலையும் கூலியும் ஆண்டுதோறும் ஏறுகின்றன. நடுவில் நிறுத்தினால் மேஸ்திரி வேறு ஊருக்குப் போய்விடுவார். கண்முன் நின்று பார்க்காவிட்டால் வேலை கெடும் என்ற அச்சமும் உண்மையே. விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்று ஹதீஸிலேயே வந்துள்ளதால், வீட்டைச் செப்பனிடும் ஆசையை யாரும் குறைகூற இயலாது. ஆனால் தேவையும் அலங்காரமும் ஒன்றல்ல. கப்பாப் (ரலி) தம் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு முஸ்லிம் செலவிடும் அனைத்துக்கும் கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதற்கன்றி, என்ற கருத்தில் சொன்னது புகாரியில் பதிவாகியுள்ளது. தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தையே இது குறிக்கும் என்று இப்னு ஹஜர் (ரஹ்) விளக்கமளித்துள்ளார்கள்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் வேலையின் வரிசை தானே மாறிவிடும். பிள்ளை வருமுன் தாயும் சேயும் தங்கும் ஓர் அறை, அதையொட்டிய கழிப்பறை, தண்ணீர்க் குழாய், தாழ்ப்பாளுடன் கூடிய கதவு ஆகியவை முடிந்திருக்க வேண்டும். முகப்பின் வேலைப்பாடும் கூடத்தின் பொய்க்கூரையும் ஆறு மாதம் பொறுத்திருந்தால் குடி முழுகிவிடாது. வெளியூரிலோ அடுத்த தெருவிலோ உறவினர் வீட்டில் இடம் இருப்பின், இடிப்பு வேலை நடக்கும் நாள்களில் தாயையும் பிள்ளையையும் அங்கே தங்கவைக்கலாம். அதையும் அவள் விருப்பத்தைக் கேட்ட பிறகே.

உடல்நலம் குறித்து இரண்டு செய்திகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய பெயின்டைச் சுரண்டும்போது பறக்கும் தூளில் ஈயம் இருக்கக்கூடும். வளரும் குழந்தையின் மூளைக்கு அது நஞ்சு. ஆகவே பட்டி பார்க்கும் வேலையும் சுரண்டும் வேலையும் பிள்ளை வீட்டில் இருக்கும்போது வேண்டாம். மற்றொன்று, தளத்தில் பாத்தி கட்டித் தேக்கும் தண்ணீரும் மூடாத தொட்டியும். டெங்குவைப் பரப்பும் கொசு அத்தகைய தேங்கிய நீரில்தான் முட்டையிட்டு, ஏறத்தாழ பத்து நாளில் பறக்கத் தொடங்குகிறது. தளத்துக்குத் தண்ணீர் கட்டும் நாள்களும் அதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை அந்த நீரை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடிவையுங்கள்.

மேஸ்திரியிடம் மகப்பேற்று நாளை முன்கூட்டியே தெரிவித்து, அதற்கு ஒரு வாரம் முன் வேலையை நிறுத்தி, அதுவரையிலான கூலியை அன்றே கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுங்கள். அவர் இடையில் வேறொரு வேலையை ஏற்றுக்கொள்வார். நாற்பது கழிந்தபின் வந்து மீதியைத் தொடங்க ஒரு தேதியையும் அப்போதே பேசிக்கொள்ளலாம். அதற்குள் நீங்கள் விமானம் ஏறிவிடும்படி நேர்ந்தால், மேற்பார்வையைக் காக்காவிடமோ மச்சானிடமோ ஒப்படையுங்கள்; எந்த நிறம், எந்த டைல்ஸ் என்பதை வீட்டில் இருக்கப்போகிறவள் முடிவு செய்யட்டும்.