சித்தாள் கால் அளவிலும் பூட்ஸ் வேண்டும்



கட்டட வேலையில் தலைக்கவசம் பற்றிப் பேசுகிற அளவுக்குக் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தளம் போடும் நாளில் சித்தாள் பெண்கள் ரப்பர் செருப்போடு கலவைக்குள் நிற்கிறார்கள். ஈர சிமென்ட் கடுமையான காரம், உடனே எரியாது. சாயங்காலம் கால் கழுவும்போதுதான் விரலிடுக்கில் தோல் வெந்து உரிந்திருப்பது தெரியும்.

பூட்ஸ் தருகிற இடங்களிலும் 7, 8, 9 என்று ஆண்கள் அளவுதான் வருகிறது. 4 அல்லது 5 போடும் பெண் அதற்குள் பழந்துணியைத் திணித்துக்கொண்டு சாரத்தில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். தலையில் கலவைச் சட்டி, காலில் நழுவும் பூட்ஸ். அதைக் கழற்றி வீசினால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஐ.எஸ். 15298 தரத்தின்படி பாதுகாப்பு ஷூவின் முன்கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நல்ல தரம்தான். ஆனால் விரல்கள் அந்தக் கவசத்துக்குள் சரியாக உட்கார வேண்டுமே!

சொந்தமாக வாங்குகிறவர்கள் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வேலைக்குப் போடும் சாக்ஸோடு போட்டு நடந்து பாருங்கள். குதிகால் தூக்கினால் வேண்டாம்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வசூலாகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அதிலிருந்து பெண்கள் அளவில் பூட்ஸ் வாங்கித் தர வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும்போதே கால் அளவையும் குறித்துக்கொள்ளலாம்.

– ஒரு கட்டட மேஸ்திரி, திருவண்ணாமலை