குமிழி வந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் தண்ணீர் மெஷினைப் பற்றி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் உடனே தெரிந்துவிடும். திரையில் படம் வராது, அல்லது ஏதாவது எச்சரிக்கை வரும். தண்ணீர் மெஷின் கெட்டுப்போனால் எதுவும் தெரியாது. விளக்கு எரியும், குமிழி வரும், நாமும் நம்பிக் குடித்துக்கொண்டே இருப்போம்.

இதில் மிக அதிகமாக ஏமாற்றுவது ஓசோன் மெஷின்தான். வெளிநாடுகளில் வீட்டு வெந்நீர்க் குளியல் தொட்டிகளில் இதைப் பொருத்துகிறார்கள். நம் பக்கம் காய்கறி கழுவவும், குடிநீரைச் சுத்தம் செய்யவும் விற்கிறார்கள். கேன் தண்ணீர் தயாரிக்கும் இடங்களிலும் உண்டு. இதை வாங்கும் எவரும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இது எதைச் செய்யும்? அதை இப்போது செய்கிறதா?

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஓசோன் என்பது ஆக்சிஜனின் இன்னொரு வடிவம். மெஷினுக்குள் அதிக வோல்ட்டேஜ் மின்சாரம் காற்றில் பாயும்போது ஓசோன் உண்டாகிறது. சில மெஷின்களில் இதற்கு யு.வி. விளக்கு இருக்கும். அந்த வாயு குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போய்க் கிருமிகளைக் கொல்கிறது. பிரான்ஸில் நீஸ் நகரின் குடிநீருக்கு 1906-லேயே இதைப் பயன்படுத்தினார்கள். ஆக, ஓசோன் நல்ல கிருமிநாசினி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் எங்கள் குடியாத்தம் பக்கத்துப் பிரச்சினை கிருமி மட்டுமா? பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி முழுக்கத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது கழிவுநீரில் போகிறது. பதனிடப் பயன்படும் குரோமியமும் சேர்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்த மாசைப் பற்றித்தான். 30-1-2025 அன்றும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், பாலாற்றைச் சீர்ப்படுத்தவும் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

தண்ணீரில் கரைந்த உப்பை ஓசோன் எடுக்காது. ஆன்டி வைரஸ் சாப்ட்வேர் வைரஸைப் பிடிக்கும், பழுதான ஹார்ட் டிஸ்க்கைச் சரி செய்யாது அல்லவா? அதே கதைதான். உப்பை எடுக்க ஆர்.ஓ. வேண்டும். அதிலும் வரிசை முக்கியம். ஆர்.ஓ. முதலில், ஓசோன் கடைசியில். மாற்றி வைத்தால் ஓசோன் ஆர்.ஓ. சவ்வையே அரித்துவிடும். உப்புத் தண்ணீரில் புரோமைடு இருந்தால், ஓசோன் பட்டு அது உடலுக்குக் கேடான புரோமேட் ஆகவும் மாறும்.

எனவே மெஷின் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் அந்தப் பேனா குரோமியத்தையோ கிருமியையோ காட்டாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

வேலை செய்கிறதா?

குமிழி வருவது காற்று வருவதற்குத்தான் சாட்சி, ஓசோனுக்கு அல்ல. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் கேசரிக்குப் போடும் கலர் பொடியை மிகமிகக் கொஞ்சம் கலந்து, ஒன்றில் மட்டும் மெஷின் குழாயை விடுங்கள். ஓசோன் வந்தால் அந்த டம்ளரில் நிறம் மெல்ல வெளுக்கும். வெகுநேரம் ஓடவிட்டும் இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் ஓசோன் வரவில்லை, அல்லது போதவில்லை. சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வாசனையும் ஒரு குறிப்பு. ஜெராக்ஸ் கடையில் மெஷின் அருகே ஒரு கார நெடி வருமே, அதுதான் ஓசோன். ஆனால் இதை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது. மெஷின் ஓடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளி இருக்கட்டும்.

கோளாறு என்றால்

கம்ப்யூட்டருக்குச் சொல்வதேதான்: வெளியிலிருந்து தொடங்குங்கள். முதலில் பிளக், ஃப்யூஸ். காற்றே வரவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, குழாய் முனையில் உள்ள நுரைக்கல். எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் திறக்கும்.

சாதாரண ரப்பர் குழாயை ஓசோன் வெடிக்கச் செய்யும். சிலிக்கான் குழாய் தாங்கும். தண்ணீர் பின்னோக்கி மெஷினுக்குள் ஏறாமல் தடுக்கும் சிறிய வால்வு ஒன்று இருக்கும். அது பழுதானால் மெஷினே போய்விடும். ஆகவே மெஷினைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். ஈரக் காற்று உள்ளே போனால் நைட்ரிக் அமிலம் உண்டாகி மின்முனைகளை அரிக்கும். சமையலறை ஆவி படாத இடம் நல்லது. யு.வி. வகையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் சக்தி குறைந்துகொண்டே வரும். தயாரிப்பாளர் சொன்ன மணிக்கணக்கில் மாற்றிவிடுங்கள். காற்று, குழாய், விளக்கு எல்லாம் சரியாக இருந்தும் நிறம் வெளுக்கவில்லை என்றால் உள்ளே கோளாறு. மூடியை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது அதிக வோல்ட்டேஜ்.

சர்வீஸுக்கு வருபவர் துடைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஓசோனுக்கு நிறச் சோதனை, ஆர்.ஓ.வுக்கு டி.டி.எஸ். அளவு. இரண்டையும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லி, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். குறிப்பு நோட்டு வேண்டாம் என்றால் கம்ப்யூட்டரில் எக்ஸலில் நான்கு கட்டம் போதும். ஆறு மாதக் குறிப்பு இருந்தால், மெஷின் எப்போது தளர்கிறது என்பதை விற்றவர் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.