ரோடுதானே!

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், ஒரு சிநேகிதரின் வண்டியில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பிரயாணம் செய்தேன். வண்டி நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சின் விசை போகிற 'ஃபோர் வீல் டிரைவ்' ஜாதியைச் சேர்ந்தது. ஊரில் எல்லாரும் ஜீப் என்றே சொல்வார்கள். வண்டி புதிது. அதன் டயர்கள் அதைவிடப் புதிது. கம்பெனி மாட்டிக் கொடுத்த டயர்களைக் கழற்றி விற்றுவிட்டு, முதலை முதுகைப் போல முண்டும் முடிச்சுமாக இருக்கும் சேற்று டயர்களைச் சிநேகிதர் தேடி வாங்கி மாட்டியிருந்தார். மாமல்லபுரம் தாண்டியதும் எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. மனஸ்தாபம் ஒன்றுமில்லை, ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான். அடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பி, வேகம் ஏற ஏறத் தானும் ஏறிக்கொண்டே வந்தது.

"அடுத்த வாரம் இதற்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் ஸார்!" என்று சிநேகிதர் கத்தினார். "கதவு, தரை, வீல் ஆர்ச் எல்லா இடத்திலும் டாம்பிங் ஷீட் ஒட்டப் போகிறேன். அப்புறம் உள்ளே உட்கார்ந்தால் கர்ப்பக்கிருகம் மாதிரி இருக்கும்!"

"வெளியே?" என்று கேட்டேன்.

"வெளியே என்ன ஸார், ரோடுதானே!"

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 'ரோடுதானே' என்ற ஒரு வார்த்தைக்கு நான் சொல்லுகிற பதில். அன்றைக்கே சொல்லியிருப்பேன், சொன்னால் அவருக்குக் கேட்டிராது.

மரக்காணத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். சாலையை ஒட்டி உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தி பாத்தியாகக் கிடந்தன. விடிவதற்கு முன்பே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. வேலை முடிந்த பெண்கள் சிலர் கடை ஓரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லாரி வருதுன்னு நெனச்சு எல்லாரும் ஓரமா ஒதுங்கினோம் ஐயா. பார்த்தா சின்ன வண்டி!" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிநேகிதரும் சிரித்தார்; பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோடுதானே என்று நாங்கள் தள்ளிவிட்ட சப்தம் போய் விழுந்த இடம் அந்தப் பெண்களின் காது.

இந்த ஊளை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். சுமார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும் காரில் இஞ்சினைவிட டயர்தான் அதிகம் கத்துகிறது. பஞ்சர் கடைக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்கிற ரப்பர்க் கட்டைகள் ஒவ்வொன்றாகத் தாரில் வந்து மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் ஒரு தட்டு. கட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களில் காற்று அகப்பட்டு நசுங்கிப் பீறிட்டு வெளியே வருகிறது. அது ஒரு சீழ்க்கை. டயரின் வளைவும் தரையும் சேர்ந்து நாயனத்தின் அணசு போல விரிந்து நிற்பதால், அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகி வெளியே போகிறது. சாதாரணச் சாலை டயரில் கட்டைகள் சிறியவை, நெருக்கமானவை. ஒரே சுருதி விடாமல் ஒலிக்கக்கூடாது என்பதற்காக அவற்றின் நீளத்தையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றி அமைக்கிறார்கள். சேற்று டயரிலோ கட்டைகள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. சேற்றை வாரி எறிந்துவிட்டு மேலே போவதற்காகப் பிறந்த பிறவி அது. அதைத் தாரில் ஓட்டினால் கத்தாமல் என்ன செய்யும்? சிநேகிதரின் டயரில் கோளாறு எதுவும் இல்லை. அதை வாங்கிய புத்தியில்தான் கோளாறு.

"கடற்கரை மணலில் இறங்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். இதிலேதான் பெரிய வேடிக்கை இருக்கிறது. தளர்ந்த மணலுக்கு முரட்டு டயர் ஆகாது. அதன் கட்டைகள் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கும். மணலில் வண்டியை மிதக்க வைப்பது குறைந்த காற்று. டயர் அகலமாகப் பரந்து நிற்க வேண்டும். மணல் ஓட்டத்தில் பழகியவர்கள் காற்றை 15, 18 பவுண்டுக்கு இறக்கிவிட்டுப் போவார்கள், தாருக்குத் திரும்பியதும் மறுபடி அடித்துக்கொள்வார்கள். ஆக, இந்தக் கடற்கரையில் சிநேகிதரின் டயர் தாருக்கும் உதவாது, மணலுக்கும் உதவாது. உப்பளத்துக்குள் இறங்கலாம் என்று நினைத்தாலோ அதைவிடப் பாவம் வேறில்லை. பருவமழை போன பிறகு காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தித் தரை அது. ஒரு போட்டோவுக்காக ஒரு வண்டி இறங்கினால் பல நாள் உழைப்பு குழியாகிவிடும்.

நிஜமாகவே சேற்றில் போகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டிலாகாக்காரர்கள், வெள்ள நாளில் மின்கம்பம் நிறுத்தப் போகிறவர்கள், மலைத்தோட்டத்துக்காரர்கள். அவர்கள் சேற்று டயர் போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சத்தத்துக்கு ஒரு நியாயம் உண்டு. "லாரியும் பஸ்ஸும் இதைவிடக் கத்தவில்லையா?" என்று கேட்டால் அதற்கும் இதே பதில்தான். லாரி கத்திக்கொண்டு உப்பைச் சுமக்கிறது. பஸ் கத்திக்கொண்டு ஐம்பது பேரைச் சுமக்கிறது. நம் வண்டி அன்று சுமந்தது இரண்டு பேரையும் ஒரு பிளாஸ்கையும்!

இனி, ஷீட் ஒட்டும் வைத்தியத்துக்கு வருகிறேன். ரப்பர் போன்ற பசைப் பொருளின் மேல் அலுமினியத் தாள் போர்த்திய தகடு அது. இரும்புச் சட்டத்தின் மேல் பெட்டியைத் தூக்கி வைத்தது போன்ற இந்த ஜாதி வண்டிகளில் தகரம் அதிரும். அதிர்வை இந்த ஷீட் உண்மையிலேயே குறைக்கும். வண்டிக்குள் கொஞ்சம் அமைதி வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாலையில் விழுகிற சப்தத்தில் அது ஒரு துளியும் குறைக்காது. அதிகமாக்கும் என்றுகூடச் சொல்வேன். உள்ளே ஊளை கேட்கிறவரைக்கும் ஓட்டுகிறவருக்கு உறுத்தல் இருக்கிறது, அதற்கு அஞ்சி எண்பதில் போகிறார். ஷீட் ஒட்டி உறுத்தலை அடைத்துவிட்டால் நூறில் போவார். நம் வீட்டுக் குப்பையைப் பெருக்கி வாசலுக்கு அப்பால் தள்ளிவிட்டு, வீடு சுத்தம் என்று திருப்திப்படுகிற பழைய குணம்தானே இது?

சப்தத்துக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுத்திருக்கின்றன. ஹாரன் அடிப்பவரைப் பிடிக்கலாம், ஒலிபெருக்கிக்காரரைப் பிடிக்கலாம். டயர் உருளும் ஓசைக்காக ஒருவரைச் சாலையில் நிறுத்தி விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் டயரைச் செய்கிறவர்களுக்கு அளவுகோல் வந்துவிட்டது. 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, உருளும் தடை, ஈரச் சாலைப் பிடிப்பு இவற்றோடு உருளும் ஓசையையும் டயர் தேற வேண்டிய பரீட்சையாக ஆக்கியது. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு புது டயரும் தன் ஓசையின் டெசிபல் எண்ணை ஒரு சீட்டில் சுமந்துகொண்டு கடைக்கு வருகிறது.

அந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்து, இஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருள விடுகிறார்கள். பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக்கை வைத்து அளக்கிறார்கள். வண்டிக்குள் இருக்கிறவரின் காதை யாரும் கேட்பதில்லை! 1.2 மீட்டர் என்பது சாலையோரத்தில் ஒரு திண்ணையில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருப்பவரின் காது மட்டம். டயரின் சப்தம் தெருவில் இருக்கிறவருடைய வழக்கு என்று அந்த அளவுகோலுக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

மரக்காணத்தில் அந்த வழக்குக்கு இன்னொரு வாதியும் உண்டு. உப்பளத்துக்குப் பின்னால் கழுவெளி இருக்கிறது. வலசை வரும் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கும் சதுப்பு நீர்நிலை. பூநாரைகூட வந்து நிற்கும். 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சப்தம் பறவைகளை என்ன செய்யும்? அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ரஸ்தாவே இல்லாத ஒரு மலைப்புறத்தில், வலசை வழியில், அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வைத்து மோட்டார்ச் சாலையின் இரைச்சலை மட்டும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சி 2013-இல் வெளிவந்தது. காரும் இல்லை, புகையும் இல்லை, வெறும் சப்தம்; அங்கே இறங்கும் பறவைகளில் கால்வாசிக்கு மேல் குறைந்துபோயின. சாலையும் நிஜம், வண்டியும் நிஜம் என்கிற இடத்தில் நிலைமை எப்படியிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? குறை சொல்லிவிட்டு நழுவுகிற வழக்கம் எனக்கு இல்லை. முதலில், சத்தம் டயருடையதுதானா என்று பாருங்கள். சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்கு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். சாலை எதுவானாலும் மாறாமல், மெல்லிய வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடி, மறு பக்கம் சாயும்போது குறைந்தால் சக்கரத்தின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இரண்டாவதாக, காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். மூன்றாவதாக, 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் டயர்களை இடம் மாற்றுங்கள். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு கட்டையும் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்து, டயர் ரம்பப் பல் ஆகிவிடும். நல்ல டயரும் அப்போது ஊளையிடும். நான்காவது வைத்தியத்துக்குச் செலவே இல்லை: நூறில் போகிறவர் எண்பதுக்கு இறங்கட்டும். ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். 3 டெசிபல் என்றால் கேட்பதற்கு அற்பமாக இருக்கும்; ஓசையின் சக்தியில் அது சரிபாதி.

ஐந்தாவதுதான் முக்கியம். தாரில் ஓட்டுகிறவர் தார் டயர் வாங்க வேண்டும். கடைக்காரரின் பாஷையில் 'ஹைவே டெரெயின்'. வருஷத்தில் நாலு நாள் மண்பாதையில் போகிறவர் இரண்டுங்கெட்டானாக இருக்கும் 'ஆல் டெரெயின்' வாங்கலாம். அதிலும் கட்டை நெருக்கமானதாகப் பார்த்து வாங்கலாம். 'இதன் உருளும் ஓசை எத்தனை டெசிபல்?' என்று கடையில் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதிலைத் தெரிந்துவைத்துக்கொள்வார். இவ்வளவும் செய்த பிறகு ஷீட் ஒட்ட ஆசையா, தாராளமாக ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

சாலையின் பேரிலும் குற்றம் உண்டு என்பார்கள். உண்டுதான். ஹாலந்து தேசத்தில் பெருஞ்சாலைகளின் பெரும்பகுதிக்கு, காற்றும் நீரும் உள்ளே புகும் நுண்துளைத் தாரைப் போட்டு இரைச்சலைக் குறைத்திருக்கிறார்கள். நம் சர்க்காரும் அதைச் செய்யட்டும் என்று நானும் கேட்பேன். ஆனால் சர்க்கார் சாலையை மாற்றுகிறவரை நம் டயரை மாற்ற மாட்டோம் என்பது நியாயமாகாது.

சிநேகிதரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நான் தப்பித்துக்கொள்வதும் சரியல்ல. அன்று மரக்காணத்திலிருந்து புறப்பட்டபோது கண்ணாடியை ஏற்றிவிட்டது என் கைதான். ஏற்றியதும் ஊளை கொஞ்சம் அடங்கியது, சுகமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது, அந்தக் கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, நாங்கள் கடந்துபோகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

சிநேகிதர் போன வாரம் டெலிபோன் செய்தார். ஷீட் ஒட்டியாகிவிட்டதாம். "இப்போது வந்து பாருங்கள் ஸார், பிரமாதமாகப் பேசிக்கொண்டே போகலாம்" என்றார். டயரை மாற்றிய பிறகு கூப்பிடுங்கள், அதுவரை பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டிருக்கிறார். கோபித்துக்கொள்ளட்டும். அந்த ரோட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிற வரைக்கும் எங்களுக்குள் பேச எதுவும் இல்லை.