கண் இருண்டால் கழுத்தைப் பாருங்கள்!

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மில்லர் பிஷர் என்ற நரம்பு வைத்திய நிபுணர் அவரைச் சோதித்தார். அப்போது நோயாளி ஒரு விஷயத்தைச் சொன்னார். வாதம் வருவதற்கு முன்பு அவருக்கு ஒரு கண் சிறிது நேரம் இருண்டு, பிறகு தெளிந்ததாம். ஆனால் இருண்டது வலது கண்!

கை கால் விழுந்தது இடது பக்கம். கண் இருண்டது வலது பக்கம். இது என்ன புதிர்?

டாக்டர் அதை அலட்சியம் செய்யவில்லை. இதே போன்ற நோயாளிகளை ஆராய்ந்தார். விடை கண்ணில் இல்லை, கழுத்தில் இருந்தது! 1951-ம் ஆண்டில் அவர் அதை வைத்திய உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

ஒரு குழாய், இரண்டு வேலை

கழுத்தின் இரண்டு பக்கமும் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்குப் போகிறது. மற்றொன்று மண்டைக்குள் போகிறது. மூளைக்கு ரத்தம் கொடுக்கும் அந்தக் குழாயே கண்ணுக்கும் ஒரு கிளையை அனுப்புகிறது. விழித்திரையும் பார்வை நரம்பும் அந்தக் கிளையை நம்பித்தான் வாழ்கின்றன.

வலது கழுத்துக் குழாய் வலது கண்ணையும் மூளையின் வலது பாதியையும் காக்கிறது. மூளையின் வலது பாதிதான் உடம்பின் இடது பக்கத்தை ஆட்டி வைக்கிறது. புதிர் அவிழ்ந்தது அல்லவா?

துணுக்கு செய்யும் தீங்கு

வயது ஏற ஏற இந்தக் குழாயின் உள்ளே கொழுப்பு படிகிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, பீடி, சிகரெட் ஆகியவை அதை வளர்க்கின்றன. படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து கண்ணுக்குப் போனால், திரை விழுந்தது போல ஒரு கண் இருளும். துணுக்கு நகர்ந்துவிட்டால் பார்வை திரும்பும். நகராமல் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் விழித்திரை பட்டுப்போகும். அடைப்பு மிகவும் முற்றினால், ரத்தம் குறைந்து கண்ணே மெல்ல மெல்ல வாடும்.

பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மெல்லிய இழைகள் இருக்கின்றன. ரத்தம் இல்லாமல் அவை செத்தால், மறுபடி முளைப்பதில்லை.

பார்வை நரம்பு கெடுவதற்கெல்லாம் கழுத்து அடைப்பே காரணம் என்று சொல்ல முடியாது. நரம்புக்கு அருகிலுள்ள சிறு குழாய்களின் கோளாறே பெரும்பாலும் காரணம். கழுத்து அடைப்பு காரணமாவது சிலருக்குத்தான். ஆனால், அந்தச் சிலரில் தாம் ஒருவரா என்பது சோதித்தால்தானே தெரியும்?

வலி இல்லாத ஆபத்து

இந்த நோயின் சூழ்ச்சியே இதுதான்: வலிப்பதில்லை. பல் வலித்தால் இரவோடு இரவாக டாக்டரைத் தேடி ஓடுகிறோம். கண் ஐந்து நிமிடம் இருண்டால், "பித்தம்" என்கிறோம். "தூக்கம் போதவில்லை" என்கிறோம். பார்வை திரும்பியதும் அதை மறந்தே போகிறோம். வீட்டுப் பெரியவர், பிள்ளைகள் பயப்படுவார்களே என்று வாய் திறப்பதே இல்லை.

பார்வை திரும்பியது நோய் தீர்ந்ததற்கு அடையாளம் அல்ல. அது ஓர் எச்சரிக்கை மணி. அடுத்த துணுக்கு கண்ணுக்குப் போகாமல் மூளைக்குப் போகலாம். அப்போது படுக்கையில் விழுவது ஒருவர். தவிப்பது குடும்பம் முழுவதும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒரு கண் திடீரென்று இருண்டால், தெளிந்துவிட்டாலும் சரி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணைச் சோதித்தால் மட்டும் போதாது. கழுத்துக் குழாயையும் ஸ்கேன் செய்து பார்க்கும்படி கேட்க வேண்டும். ஊசி இல்லாமல், வலி இல்லாமல் செய்யக்கூடிய சோதனை அது.

அடைப்பு இருந்தால் மருந்து உண்டு. அடைப்பு கடுமையாக இருந்தால் ஆபரேஷன் உண்டு. 1991-ல் வட அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. கண் இருளுதல் போன்ற எச்சரிக்கை கண்டு, குழாய் 70 சதவிகிதத்துக்கு மேல் சுருங்கியவர்களை அதில் கவனித்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில், நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பக்கத்து மூளை பாதிக்கப்பட்டு வாதம் வந்தது. ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் அது 9 பேருக்குத்தான். இன்று மருந்துகளும் முன்னேறிவிட்டன. யாருக்கு எது தேவை என்பதை டாக்டர் சொல்வார். ஆனால் நாளைக் கடத்தினால் பலன் குறையும்.

இன்றே வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அப்பா, உங்களுக்கு எப்போதாவது ஒரு கண் இருண்டதா?" "ஆமாம்" என்று அவர் சொன்னால், நாளை வரை காத்திருக்க வேண்டாம்.