ரயில் வந்துவிட்டது, பஸ் எங்கே?

1990 ஜூனில் யாழ்தேவி ரயில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாண நிலையத்தில் எஞ்சியது கூரையில்லாத சுவர்கள்தான். 2014 அக்டோபர் 13 அன்று ரயில் திரும்பி வந்தபோது, ரயிலையே பார்த்திராத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து நின்றது.

இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாகவே போட்டது. 2015 ஜனவரியில் சேவை காங்கேசன்துறை வரை நீண்டது. 2023இல் அநுராதபுரம் – ஓமந்தைப் பகுதியை மாதக்கணக்கில் மூடிச் சீரமைத்தார்கள். பெரிய வேலை, உருப்படியாக நடந்த வேலை.

இறங்கியவர் வீடு போய்ச் சேரும் வழிதான் இன்னும் சரியாகவில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர், பருத்தித்துறை போகக் கொடிகாமத்தில் இறங்குகிறார். ரயில் பிந்தினால் பஸ் அவருக்காக நிற்காது. கையில் இரண்டு பை, தோளில் தூங்கும் பிள்ளை. ஆட்டோக்காரர் கேட்ட காசைக் கொடுக்க வேண்டியதுதான்.

இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியார் மினிபஸ்களும் நேர அட்டவணைக்காக வடக்கில் ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டுகின்றன. அந்தப் பேச்சுவார்த்தையில் ரயில் நேரத்தையும் மேசையில் வைக்க வேண்டும். ரயில் பாதையின் காவலில்லாத கடவைகளில் உயிர்கள் போவதும் நிற்கவில்லை. அங்கெல்லாம் கேற்றும் காவலாளியும் வேண்டும், அந்தக் காவலாளிக்கு நிரந்தரச் சம்பளமும் வேண்டும். புதுப்பாதை போட்ட செலவோடு பார்த்தால் இவையெல்லாம் சின்னச் செலவு. கொடிகாமத்திலிருந்தே தொடங்கலாம்: யாழ்தேவி வந்த பிறகு மட்டுமே புறப்படும் ஒரு பருத்தித்துறை பஸ்.