ஒரு லென்ஸ் போதுமே!

கல்வராயன் மலையடிவாரத்தில், வடக்கனந்தலில் வாழும் நமக்குப் படம்பிடிக்கப் பொருளுக்கா பஞ்சம்? கோமுகி அணைக்குச் செல்லும் வழியில் மரவள்ளி இலையடியில் ஒளிந்திருக்கும் சிலந்தியும் அழகு. திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகச்சுருக்கமும் அழகு. இரண்டுக்கும் இரு லென்சுகள் வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்றே இரண்டு பணியையும் செய்யும். சற்று எட்ட நின்று எடுப்பதால் பூச்சி மிரளாது. முகமும் கோணாமல் இயல்பாகப் பதியும். 50 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சில் பூச்சியை மிக நெருங்க வேண்டும். நம் நிழலே அதன்மேல் விழுந்துவிடும்.

அதற்காகப் பெற்றோர் கடன்படலாகாது. கையால் திருகும் பழைய லென்ஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மிக அருகில் எடுக்கும்போது காமிராவை முன்னும் பின்னும் நகர்த்தித்தானே தெளிவு காண்கிறோம்? பிறகு தானியங்கி வசதிக்கு ஏன் பணம்? வாங்குமுன், நம் காமிராவில் பொருந்துமா, கண்ணாடியில் பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இயலாதோர், கைவசமுள்ள 50 மில்லிமீட்டர் லென்சுக்கும் காமிராவுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு நீட்டிப்பு வளையங்களைப் பொருத்தினால், பூச்சியின் உருவம் காமிராவுக்குள் அதன் உண்மை அளவிலேயே விழும்.

கானுயிர்ப் படங்களால் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களை இணைத்துத் தமது காமிராவைத் தாமே அமைத்துக்கொண்டவர். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவரது பெருமை காமிராவின் விலையிலா இருந்தது? காத்திருந்து பார்த்த கண்களில் அன்றோ இருந்தது! தோழியரே, பெற்றோரிடம் பணம் கேட்குமுன் இதைச் சிந்திப்போமாக!